வண்டிக்கும் வில்லங்கம் உண்டு: சலானைத் தேடுவது எப்படி, கேஸைத் தேடுவது எப்படி

என் சித்தப்பா மகன் சமீபத்தில் பழைய ஸ்கூட்டர் ஒன்றை விலை பேசி முடித்தான். விற்றவர், "ஃபைன் எல்லாம் கட்டியாச்சு தம்பி, ஒண்ணும் பாக்கி இல்லை" என்றார். இவனும் கெட்டிக்காரன்தான். உடனே செல்பேசியில் இ-சலான் தளத்தைத் திறந்து பார்த்தான். வண்டியின் பேரில் இரண்டு சலான்கள் இருந்தன. ஆனால் பணம் கட்டும் பொத்தான் எதுவும் இல்லை. "கட்ட வேண்டியது இருந்தா பட்டன் இருக்கும்ல, அப்போ முடிஞ்சுபோச்சு" என்று முன்பணத்தைக் கொடுத்துவிட்டான்.

பொத்தான் இல்லாததற்குக் காரணம் வேறு. அந்த இரண்டு சலான்களும் காவல்துறையின் கையைவிட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தன. இ-சலான் தளத்தில் கட்ட வழியில்லை, அவ்வளவுதான். கடன் அப்படியே நின்றது.

இது அவன் ஒருவனுக்கு வந்த குழப்பம் இல்லை. ஃபைன், சலான், கேஸ், கோர்ட் எல்லாவற்றையும் ஒரே பொருளில் பேசிப் பழகிவிட்டோம். இவை வெவ்வேறு கட்டங்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எங்கே தேட வேண்டும் என்பதும் அமையும். தமிழ்நாட்டை வைத்து இதைப் பார்ப்போம்.

பட்டா ஒரு இடம், வில்லங்கம் ஒரு இடம்

நிலம் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே நிலம்தான். ஆனால் அதன் பட்டா வருவாய்த்துறையில் இருக்கும், வில்லங்கச் சான்று பதிவுத்துறையில் கிடைக்கும். பட்டாவில் பெயர் சரியாக இருக்கிறது என்பதற்காக யாரும் வில்லங்கம் பார்க்காமல் இருப்பதில்லை. இரண்டும் வேறு பதிவேடுகள், வேறு அலுவலகங்கள், ஒன்றில் நடந்தது மற்றதில் ஏறத் தாமதமும் ஆகலாம்.

சாலை விதிமீறலுக்கும் இப்படி இரண்டு பதிவேடுகள் உண்டு. ஒன்று காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் எழுதும் சலான் பதிவேடு. மற்றது நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேடு. ஒரு விதிமீறல் முதலாவதில் பிறக்கிறது. அங்கேயே முடிந்தால் நீதிமன்றம் அதைப் பார்ப்பதே இல்லை. முடியாவிட்டால் இரண்டாவதற்கு நகர்கிறது.

சலான் என்பது பில் இல்லை

குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லாலேயே வருகிறது. வங்கியில் பணம் கட்டும் சீட்டுக்கும் நாம் சலான் என்றுதான் சொல்கிறோம். அதனால் போக்குவரத்து சலானையும் கரண்ட் பில் மாதிரி, கட்ட வேண்டிய தொகை எழுதிய காகிதமாக நினைக்கிறோம்.

சட்டப்படி அது ஒரு குற்றச்சாட்டு. "இந்த நாளில், இந்த இடத்தில், இந்த வண்டி மோட்டார் வாகனச் சட்டத்தின் இந்தப் பிரிவை மீறியது" என்று ஓர் அதிகாரி எழுதி வைப்பது. குற்றம் செய்தாயா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சிக்னலில் நிற்கும் உதவி ஆய்வாளருக்குக் கிடையாது. அது நீதிபதியின் வேலை.

அப்படியென்றால் சாலையிலேயே வாங்குகிறார்களே, அது என்ன பணம்? அதற்குப் பெயர் இணக்கக் கட்டணம். கேஸை நீதிமன்றம்வரை கொண்டுபோகாமல், அரசு குறித்த தொகையைக் கட்டி அங்கேயே முடித்துக்கொள்வது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. வரப்புத் தகராறில் "கோர்ட்டுக்கெல்லாம் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்" என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். வித்தியாசம், இங்கே பேரம் கிடையாது. தொகையை மாநில அரசு முன்கூட்டியே அறிவித்திருக்கும். 2019-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை உயர்த்தியது. தமிழ்நாடு தன் புதிய கட்டணங்களை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஹெல்மெட் இல்லாமல் போனால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது அப்போதுதான்.

எல்லாக் குற்றத்தையும் இப்படி முடிக்க முடியாது. குடித்துவிட்டு ஓட்டுவது 185-ஆவது பிரிவு. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அந்தப் பிரிவு பாயும். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்த பெற்றோர் மீதும் உரிமையாளர் மீதும் பாயும் 199-ஏ பிரிவு இன்னும் கடுமையானது. மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அதில் இருக்கிறது. இந்த இரண்டும் இணக்கப் பட்டியலில் இல்லை. நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், சலான் ஒரு குற்றச்சாட்டு, இணக்கக் கட்டணம் அதை நீதிமன்றத்துக்கு முன்பே முடிக்கும் வழி. இணக்கத்தில் முடிந்த விஷயத்தில் தீர்ப்பு என்று ஒன்று கிடையாது. நீதிமன்றப் பதிவேட்டில் அதைத் தேடினால் கிடைக்கவும் கிடைக்காது.

முதல் பதிவேட்டில் தேடுவது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இ-சலான் பரிவாஹன் தளம்தான் இதற்கு வாசல். மூன்று வழிகளில் தேடலாம்: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். வண்டி எண்ணைக் கொடுத்தால் சேசிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். அடுத்த வீட்டுக்காரர் வண்டியை நாம் சும்மா துழாவிப் பார்க்கக்கூடாது என்பதற்கான பூட்டு அது. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்களும் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதே இந்த எண்களைக் குறித்துக்கொள்வது நல்லது.

வண்டி எண்ணில் தேடுவதும் உரிம எண்ணில் தேடுவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி எண்ணில் வருவது அந்த வண்டியை யார் ஓட்டினாலும் அதன்மேல் விழுந்தவை. உரிம எண்ணில் வருவது, ஓட்டியவரை நிறுத்தி, உரிமத்தைப் பார்த்துக் குறித்தவை. கேமரா பிடித்ததில் ஓட்டியவர் யாரென்று தெரியாது, அதனால் அது வண்டியின் பேரில்தான் ஏறும். மைத்துனருக்கு இரவல் கொடுத்த பைக் சிக்னலைத் தாண்டினால் குறுஞ்செய்தி உங்களுக்கு வருவது இதனால்தான். வாடகைக் கார் ஓட்டுபவர்கள் இரண்டு விதமாகவும் தேடிப் பார்க்க வேண்டும்.

"எனக்கு மெசேஜே வரலை" என்பது அடிக்கடி கேட்கும் புகார். கேமரா போன்ற கருவி வழியாகப் பிடித்த விதிமீறலுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்த 167-ஏ விதி சொல்கிறது. ஆனால் அந்தச் செய்தி வாகனப் பதிவில் இருக்கும் செல்பேசி எண்ணுக்குத்தான் போகும். வண்டி வாங்கியபோது ஷோரூம்காரர் யார் எண்ணைக் கொடுத்தாரோ, அந்த எண் இன்று யாரிடம் இருக்கிறதோ! சிம்மை மாற்றியவர்கள் பரிவாஹன் தளத்தில் எண்ணையும் மாற்றிக்கொண்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

இன்னொன்று. போலீஸ் மட்டுமே சலான் போடுவதில்லை. ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்கிறோமே, அந்த மோட்டார் வாகன ஆய்வாளரும் போடலாம். அதிக பாரம், பர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் அவர் பக்கத்திலிருந்து வருபவை. லாரி, வேன் வைத்திருப்பவர்கள் போலீஸை மட்டும் நினைத்துக்கொண்டு இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

தளத்தில் வரும் அட்டவணையில் தொகையைவிட முக்கியமான கட்டம் நிலை என்பது. நிலுவை என்றால் இன்னும் காவல்துறை அல்லது போக்குவரத்துத் துறையிடம்தான் இருக்கிறது, அங்கேயே கட்டலாம். முடிந்தது என்றால் முடிந்தது. நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது என்று வந்தால் ஆட்டம் அடுத்த பதிவேட்டுக்கு மாறிவிட்டது என்று பொருள். என் தம்பி பார்க்கத் தவறியது இந்தக் கட்டத்தைத்தான்.

நடுவில் ஒரு மெய்நிகர் நீதிமன்றம்

மெய்நிகர் நீதிமன்றம் என்றால் காணொளியில் நடக்கும் விசாரணை என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே கூண்டும் இல்லை, காணொளியும் இல்லை. கட்டாமல் கெடு தாண்டிய சலான்கள் கணினி வழியாக ஒரு நீதித்துறை நடுவரின் பார்வைக்குப் போகின்றன. அவர் சலானையும் அதனுடன் வந்த படத்தையும் பார்த்து அபராதத்தைக் குறிக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குறுஞ்செய்தி போகிறது. 2019-இல் டெல்லியில் போக்குவரத்து சலான்களுக்காக இப்படித் தொடங்கியது, பிறகு தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்கு வந்தது. எத்தனை நாள் கழித்துச் சலான் இங்கே வரும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

விகோர்ட்ஸ் என்ற அரசுத் தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, செல்பேசி எண், பெயர், சலான் அல்லது வண்டி எண் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு தேடலாம். வழக்கு கிடைத்தால் இரண்டு வழிகள் தெரியும்: அபராதத்தைக் கட்டுவது, அல்லது எதிர்த்து வாதாடுவது. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சிக்னலில் இணக்கக் கட்டணம் கட்டுவதும் இங்கே கட்டுவதும் பையிலிருந்து போகும் பணம் என்ற அளவில் ஒன்றுதான், பதிவேட்டில் ஒன்றில்லை. இங்கே கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள், வழக்கு தண்டனையோடு முடிந்ததாகப் பதிவாகும். சின்னக் குற்றம்தான், யாரும் இதற்காக ஜெயிலுக்குப் போவதில்லை. ஆனாலும் நீதிமன்றத் தீர்ப்பு தீர்ப்புதான். எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்தப் பகுதியின் சாதாரண நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே நேரில் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்கலாம்.

படத்தில் இருப்பது உங்கள் வண்டியே இல்லை என்றால் எதிர்ப்பதுதான் சரி. நம்பர் பிளேட்டில் 8-ஐ 3-ஆகப் படித்த கேமராவுக்காக யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 500, 1,000 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டு நீதிமன்றம் போவதா என்ற கணக்கும் நியாயமானதுதான். அதனால் சலான் காவல்துறையிடம் இருக்கும்போதே இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் எழுதுவது மலிவான வழி.

சுருக்கமாக: இ-சலான் தளத்தில் "நீதிமன்றம்" என்று வந்தால் முதலில் மெய்நிகர் நீதிமன்றத்தில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அடுத்தது சாதாரண நீதிமன்றப் பதிவேடு.

நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு கேஸைப் பிடிப்பது

நாடு முழுவதும் உள்ள மாவட்ட, கீழமை நீதிமன்றங்களின் வழக்கு விவரங்கள் இகோர்ட்ஸ் சர்வீசஸ் தளத்திலும் அதன் செயலியிலும் கிடைக்கின்றன. கட்டணம் கிடையாது. இதில் நுழைய சிறந்த சாவி சி.என்.ஆர். எண். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க அடையாளம் அது, வழக்குக்கு ஒரு ஆதார் எண் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு எழுத்துகள் மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு இரண்டு எண்கள் நீதிமன்ற வளாகத்தைக் குறிக்கும். அடுத்த ஆறு வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. நம்மூர் வழக்கு என்றால் டி, என் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். இணையம் இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் இகோர்ட்ஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு, சி.என்.ஆர். எண்ணையும் சேர்த்து 9766899899-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் வழக்கின் நிலை பதிலாக வரும்.

சி.என்.ஆர். தெரியாவிட்டால்தான் வேலை. மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்துப் பெயரால் தேட வேண்டும். வீட்டு முகவரியின் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மகிழ்பவர்கள் உண்டு. வழக்கு, விதிமீறல் நடந்த இடத்தில்தான் இருக்கும். மதுரைக்காரர் திருச்சியில் மாட்டினால் திருச்சியில் தேட வேண்டும்.

அடுத்தது நம் பெயர்களின் தொல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். முத்துக்குமார் ஒரே சொல்லாகவும் இருப்பார், இரண்டு சொல்லாகவும் இருப்பார். ஒரு 't'-யா இரண்டா என்பதை எழுதிய காவலரின் பேனாதான் தீர்மானித்திருக்கும். உங்கள் ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே தெரியும். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது இன்னொரு கதை. ஆகவே முழுப்பெயரைத் தட்டாமல், எழுத்துக்கூட்டல் மாறாத முதல் துண்டை மட்டும் கொடுத்துத் தேடினால் அதிகம் கிடைக்கும். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும், ஆண்டும் கேட்கும்.

மூன்றாவது, நிலுவை, முடிந்தவை, இரண்டும் என்று அங்கே மூன்று தெரிவுகள் இருக்கும். நிலுவையை மட்டும் பார்த்துவிட்டு வழக்கே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. பழைய விஷயத்தைத் தேடுகிறவர் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும்.

முடிவுப் பட்டியலில் எஸ்.டி.சி. என்ற எழுத்துகளைக் கண்டால் அது சுருக்க விசாரணை வழக்கு. நீண்ட சாட்சி விசாரணை இல்லாமல் சிறு குற்றங்களை விரைவாக முடிக்கும் முறை. சாலை விதிமீறல்கள் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் இருக்கும். ஒரு பக்கம் காவல் நிலையத்தின் பெயர், எதிர்ப்பக்கம் ஓட்டியவரின் பெயர். விபத்தில் அடிபட்டோ இறந்தோ இருந்தால் அது சலான் விவகாரமே இல்லை. முதல் தகவல் அறிக்கையில் தொடங்கும் வேறு பாதை அது.

தளத்தில் தெரிவதை அச்செடுத்து ஆதாரமாகக் காட்ட முயல்பவர்கள் உண்டு. காப்பீட்டு நிறுவனமோ வேலை தரும் இடமோ அதை ஏற்காமல் போகலாம். ஏற்கத்தக்க ஆவணம் வேண்டுமென்றால் வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். வழக்கு எண்ணும் தேதியும் கையில் இருந்தால் நகல் பிரிவில் வேலை சீக்கிரம் நடக்கும். வழக்கில் சம்பந்தமில்லாதவர் கேட்டால் எதற்காக என்று காரணம் காட்ட வேண்டும்.

டீக்கடைச் சட்டங்கள்

"ஆறு மாசம் கண்டுக்காம விட்டா தானா அழிஞ்சிரும்." இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள ஆறு மாத வரம்பு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது நீதிபதியின் முன் எடுத்துவைக்க வேண்டிய வாதம். தளத்தில் இருக்கும் வரியை அது தானாக அழிக்காது. வரி இருக்கும்வரை பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று போன்ற வேலைகளில் அது குறுக்கே வந்து நிற்கும்.

"லோக் அதாலத்தில் பாதி தள்ளுபடி." டெல்லியில் போக்குவரத்து சலான்களுக்கு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்ற அமர்வுகள் நடக்கும்போது அந்தச் செய்தி தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றும். டெல்லியில் நடப்பது டெல்லிக்கு. நம் மாவட்டத்தில் அந்த அமர்வு எந்தெந்த வழக்குகளை எடுக்கிறது என்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுக்கொள்வதே சரி.

வாட்ஸ்அப்பில் வரும் இன்னொன்று ஆபத்தானது. "உங்கள் வண்டிக்குச் சலான் உள்ளது" என்று சொல்லி ஏ.பி.கே. கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, அனுப்புகிறார்கள். அதை நிறுவினால் செல்பேசியே அவர்கள் கைக்குப் போய்விடும். அரசு சலானை ஏ.பி.கே. கோப்பாக அனுப்புவதில்லை. மேலே சொன்ன மூன்று தளங்களின் முகவரியும் ஜிஓவி டாட் இன் என்று முடியும். செய்தியில் வந்த இணைப்பை அழுத்தாமல், முகவரியை நீங்களே தட்டித் தேடினால் மெய்யா பொய்யா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என் தம்பியின் கதைக்கு வருகிறேன். விற்றவரை மறுபடி பிடித்து உட்காரவைத்து, மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் தேடினோம். இரண்டும் ஹெல்மெட் கேஸ். அவருக்கே ஆச்சரியம். மகன் கல்லூரிக்கு ஓட்டிப்போன நாட்களில் விழுந்தவை, குறுஞ்செய்தி எப்போதோ மாற்றிவிட்ட பழைய எண்ணுக்குப் போயிருந்தது. அங்கேயே அவர் கணக்கிலிருந்து கட்டினார். இ-சலான் தளத்தில் நிலை உடனே மாறவில்லை, சில நாள் எடுத்தது. அது மாறிய பிறகுதான் 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தான். இரண்டு ரசீதுகளையும் ஆர்.சி.யோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறான்.